பார்கின்சன் வலிக்கு மூளைக் கம்பியா, முதுகுக் கம்பியா?

மதுரை செல்லூரில் நாற்பது ஆண்டுகள் தறி நெய்த என் அப்பாவுக்கு வலது தோள் இறுகியபோது, அதை வெறும் தோள்பட்டை இறுக்கம் என்று நம்பி ஓராண்டு வைத்தியம் பார்த்தோம். நாடா இழுக்கும் அந்தக் கையில் நடுக்கம் தெரிந்த பிறகுதான், பார்கின்சன் நோய் சிலருக்குத் தோள் வலியாகவே தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியவந்தது. நடுக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பலர், வலியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது வலிதான்.

அது இரண்டு வலி என்பதைப் பிரித்துக் காட்டியவர் நரம்பியல் மருத்துவர். "ஐயா, எத்தனை மணிக்கு வலிக்குது? மாத்திரை போட்டா குறையுதா?" என்று அவர் கேட்டதன் பேரில், ஒரு பழைய பால் கணக்கு நோட்டில் பத்து நாள் குறித்து வைத்தோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கால் விரல்கள் உள்நோக்கி மடங்கி, கெண்டைக்கால் கல்லாக இறுகி வரும் வலி, ஆறு மணிக்குப் போடும், பார்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் விலகிவிடும். இடுப்பிலிருந்து இடது கால் வழியாகப் பாதம் வரை இறங்கும் எரிச்சலோ மாத்திரையைச் சட்டை செய்வதே இல்லை. குழித்தறியில் குனிந்தே கழிந்த முதுகில், எலும்புகளுக்கு இடையிலான தட்டு நகர்ந்து நரம்பை அழுத்தியதால் வந்தது அது. மெல்லிய மின்சாரத்தால் நரம்புகளைத் தூண்டும் சிகிச்சைகளில் எது பொருந்தும் என்பதற்கு விலைப்பட்டியலைவிட இந்த நோட்டே நல்ல வழிகாட்டி என்பது என் உறுதியான எண்ணம்.

ஆழ்மூளைத் தூண்டலில், மூளையின் உள்ளே இயக்கத்தை ஆளும் சிறு முடிச்சுகளில் மெல்லிய கம்பிகளை இறக்கி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் பேட்டரியோடு இணைப்பார்கள். பிரான்சின் கிரனோபிள் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் அலீம் லூயி பெனபீத் 1987இல் தொடங்கி வைத்த இம்முறைக்கு, அமெரிக்காவில் 2002இல் பார்கின்சன் நோய்க்கான ஒப்புதல் கிடைத்தது. இது நேரடியான வலி சிகிச்சை அன்று. தசை இறுக்கமும் முறுக்கமும் தளர்வதால் அவற்றோடு வந்த வலியும் தணிகிறது. நடுக்கத்தைத் தவிர மற்றவற்றில், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் எவ்வளவு குணம் தெரிகிறதோ ஏறக்குறைய அவ்வளவையே இதிலும் எதிர்பார்க்க முடியும் என்பதால், அப்பாவின் விடியற்கால வலிக்கு இது பொருந்தும், கால் எரிச்சலுக்குப் பொருந்தாது. நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு நேரலாம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நினைவு மங்கியவர்களுக்கும் இதைச் செய்ய மருத்துவர்கள் தயங்குவார்கள்.

தண்டுவடத் தூண்டலின் பிறப்பு வேறு. வலிச் செய்தி மூளைக்கு ஏறும் முன் தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடக்கிறது, வேறு தொடு உணர்வுகளால் அந்த வாசலைச் சாத்த முடியும் என்று வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதல் கருவியை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். முதுகெலும்புக்குள், தண்டுவட உறைக்கு வெளியே கம்பி படுத்திருக்க, பேட்டரி இடுப்புப் பக்கம் இருக்கும். பழைய முறையில் வலித்த இடத்தில் சிலுசிலுவென்று ஓர் உணர்வு ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 10,000 துடிப்புகள் தரும் புதிய முறையில் அதுவும் தெரியாது.

இதன் பெரிய நன்மை, நிரந்தரமாகப் பொருத்தும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்பதே. மரத்துப்போக ஊசி போட்டு, தற்காலிகக் கம்பியை நுழைத்து, பேட்டரியை உடலுக்கு வெளியே வைத்து ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம், இல்லையேல் கம்பியை உருவிவிடலாம். தலையைத் துளைக்கும் சிகிச்சையில் இப்படியொரு ஒத்திகைக்கு வழியில்லை. எனினும் முதுகு அறுவைக்குப் பின்னும் தீராத கால் வலிக்கு இதன் பயன் நன்கு நிறுவப்பட்டிருக்கும் அளவுக்குப் பார்கின்சன் வலிக்கு நிறுவப்படவில்லை. அங்கே இருப்பவை சிறு ஆய்வுகளே. நடையைச் சீராக்கும் என்ற பேச்சை நம்பி இதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

அறுவை இல்லாமல், தோலில் ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தோள், கழுத்துத் தசை வலிக்கு ஒட்டியிருக்கும் வரை சற்று ஆறுதல் தரும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

உள்ளே பொருத்தும் இரண்டுமே பல லட்சம் ரூபாய்ச் செலவு. மூளைக் கருவியின் சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்து, மாற்ற மறுபடியும் அறுவை வேண்டும். ரீசார்ஜ் வகை பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும், ஆனால் சார்ஜ் போட மறக்காத ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். மின்னளவைத் திருத்த முதல் சில மாதங்கள் அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவர்கள் இந்த அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்பாவுக்கு மூளை அறுவை தேவைப்படவில்லை. இரவு படுக்கும்போது மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றைச் சேர்த்ததில் விடியற்கால வலி பெரும்பாலும் அடங்கியது. கால் எரிச்சலுக்கு முதுகில் சோதனைக் கம்பி வைத்தார்கள். வலியின் அளவு பத்துக்கு எட்டு என்று எழுதிவந்த நோட்டில் ஐந்தாம் நாள் மூன்று என்று இருந்தது. பிறகு நிரந்தரக் கருவி பொருத்திக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். தோள் வலிக்காக ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனபோது, "கரண்ட் வச்சு விடுறேன் ஐயா" என்று அங்கிருந்த தம்பி இழுத்துவந்தது டென்ஸ் அன்று, மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் டயாதெர்மி. உடலுக்குள் கம்பி இருப்பவர்களுக்கு, அது மூளையில் இருந்தாலும் முதுகில் இருந்தாலும், டயாதெர்மி எந்த இடத்திலும் வைக்கக்கூடாது. அந்த அலை கம்பி வழியே பாய்ந்து நுனியைச் சுடவைத்து, சுற்றியுள்ள திசுவைக் கருக்கிவிடும். மூளைக் கம்பி வைத்தவர்களுக்கு உயிரே போயிருக்கிறது. நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் 'கரண்ட்' என்ற ஒரே பெயர் இருப்பதால், எந்த இயந்திரம் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் படுக்கக்கூடாது. கருவிக்கான அடையாள அட்டை இப்போது அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் உலோகச் சோதனை வாயிலுக்குள் நுழையும் முன்பும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.