முகநூல் பக்கமா, வாட்ஸ்அப் குழுவா?

சின்னத் தொண்டு நிறுவனம், ஆள் பலம் குறைவு, இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காக நடத்த முடியும் என்றால் நான் வாட்ஸ்அப்பைத்தான் சொல்வேன். முகநூலின் பலம் முன்பின் தெரியாதவர்களிடமும் போய்ச் சேர்வது. 2014இல் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் காணொளிகள் பரவியபோது ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக வேலை செய்யும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் நன்கொடை குவிந்தது. ஆனால் பக்கத்தைப் பின்தொடர்கிற எல்லாரும் உங்கள் பதிவைப் பார்ப்பதில்லை, யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளத்தின் அல்காரிதம்தான் முடிவு செய்கிறது.

வாட்ஸ்அப்பில் அப்படி இல்லை. "நாளை காலை ரத்தம் வேண்டும், ஓ நெகட்டிவ்" என்று ஒரு வரி போட்டால், அது குழுவில் இருக்கிற ஒவ்வொருவர் போனுக்கும் போகிறது, கொஞ்ச நேரத்திலேயே "நான் வரேன்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். சரி, இதிலும் தொல்லை உண்டு: ஒரு குழுவில் 1,024 பேர்தான், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முக்கியமான செய்தி புதைந்துபோகும். அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள், பதில் சொல்கிறவர்கள் தனியே அனுப்பட்டும்.

அப்புறம், எதில் போட்டாலும், உதவி பெறுகிறவரின் முகத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.