பெனிஃபிட் இரவா, நிதியா?

விக்டோரியா கால லண்டனில் நொடித்துப்போன நடிகருக்கு இரண்டு வழி. ஒன்று, பெனிஃபிட் இரவு, அதாவது அவருக்குப் பணம் திரட்டும் நாடகம்: நண்பர்கள் சம்பளம் வாங்காமல் நடிப்பார்கள். ஆனால் வாடகை, விளக்கு, ஊழியர் கூலி கழிந்த மிச்சம்தான் கைக்கு வரும். டிக்கெட்டை அவரே வீடு வீடாக விற்கவும் வேண்டும். மழை கொட்டினால் கடன்தான். பெயர் பெற்றவருக்கோ அள்ளிக் கொட்டும். 1898இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிகை நெல்லி ஃபாரனுக்காக எலன் டெர்ரி, ஹென்றி இர்விங் போன்ற நட்சத்திரங்கள் எல்லாரும் மேடையேற, 7,000 பவுண்டு போலத் திரண்டது.

இன்னொன்று நிதி. 1839இல் தொடங்கிய பொது நாடக நிதியில் சந்தா கட்டியவருக்கே ஓய்வூதியம். 1882இல் உருவான நடிகர் நல நிதி கஷ்டப்பட்டவருக்கு உதவியது. தொகை சிறிதுதான், ஆனால் துணைநடிகருக்கு இதுவே மேல். அவருக்காக யார் அரங்கை நிரப்புவார்கள்?