குடும்ப நீதிமன்ற வக்கீலுக்கு எது முதலில்: டிப்ளமோவா, கிராஸ் (குறுக்கு விசாரணை) பயிற்சியா?

சன்னது (வக்கீல் தொழில் உரிமம்) வாங்கிய வக்கீல் மேற்கொண்டு படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. படிப்பவர் சொந்தக் காசில், கோர்ட் இல்லாத நேரத்தில் படிக்கிறார். குடும்ப வழக்கு நடத்துபவர்கள் பெரும்பாலும் யோசிப்பது மூன்றை: குடும்பச் சட்ட டிப்ளமோ, கிராஸ் பழக்கும் வார இறுதி வாதத்திறன் முகாம், 40 மணி நேர சமரசப் பயிற்சி. முதல் இரண்டையும் நான் முடித்தேன். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் முகாமுக்குப் போங்கள்.

டிப்ளமோ பாடம் மோசமில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13-பி-யின் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்ற 2017 அமர்தீப் சிங் தீர்ப்பு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவர அஃபிடவிட் போட வேண்டும் என்ற 2020 ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு எல்லாம் கோவையாகக் கிடைக்கும். ஆனால் நோட்ஸ் சீக்கிரம் பழசாகிவிடும். 2024 ஜூலை 1-ல் ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு போய், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144 வந்தது. மின்னணு ஆவணச் சான்றுக்கு பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி என்பது புதிய சாட்சியச் சட்டத்தில் 63 ஆனது. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்த வாரமே இதையெல்லாம் வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

கிராஸை அப்படிப் படிக்க முடியாது. சீஃப் (சொந்தத் தரப்புச் சாட்சியின் முதல் விசாரணை) இப்போது புரூஃப் அஃபிடவிட்டோடு, அதாவது எழுதிக் கொடுக்கும் சாட்சியத்தோடு, முடிகிறது. கூண்டில் நமக்கு மிஞ்சும் பெரிய வேலை கிராஸ்தான். அதுவும் கேள்வி பதிலாகப் பதிவாவது அபூர்வம். “நான் ரசீது தாக்கல் செய்யவில்லை என்றால் சரிதான்” என்று சாட்சியே சொன்னதுபோல் டைப் ஆகும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி நீதிபதி சாராம்சத்தை மட்டும் குறித்தாலும் போதும். “ஸ்கூல் ஃபீஸும் கட்டவில்லை, குழந்தையைப் பார்க்கவும் வரவில்லை, அப்படித்தானே?” என்று கேட்டால் “சரியல்ல” என்று ஒரு வரி ஏறும். எதை மறுத்தார் என்றே தெரியாது. வரிசையாக சஜஷன் (நம் தரப்பைச் சொல்லி “அப்படித்தானே?” என்பது) போட்டால் வரிசையாக மறுப்புதான் ஏறும். ஆர்க்யுமென்ட்டில் காட்ட ஒரு வரி இருக்காது. தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: கடைசியாக ஃபீஸ் கட்டியது எப்போது என்பது ஒரு கேள்வி, ரசீது எங்கே என்பது இன்னொரு கேள்வி.

முகாமில் திருத்துவது இதைத்தான். நான் போனதில் ஹாம்பெல் என்ற பயிற்சி முறை. ஒரே ஒரு குறையை எடுப்பார்கள். நீங்கள் கேட்டதை எழுதி வைத்து, வார்த்தை மாறாமல் வாசித்துக் காட்டுவார்கள். ஏன் உதவாது, எப்படி மாற்றுவது என்று சொல்லி, பயிற்றுநரே கேட்டுக் காட்டுவார். அப்புறம் நீங்கள் திரும்பக் கேட்க வேண்டும். சீனியர் இதைச் சொல்லித்தர மாட்டாரா? நேரமிருந்தால் தருவார். பெரும்பாலும் அடுத்த கோர்ட்டுக்கு ஓடும்போது “அதை ஏன்யா கேட்டே?” என்பதோடு சரி.

குறைகளும் உண்டு. எங்கள் முகாம் முழுக்க ஆங்கிலம், மாதிரி வழக்கோ கிரிமினல். அந்த வேகத்தில் மனைவியைக் கிராஸ் செய்தால் நீதிபதிக்கு எரிச்சல்தான் வரும். கணவன் மனைவி இருவரும் அடுத்த ஞாயிறு குழந்தையைக் கைமாற்ற வேண்டியவர்கள். தமிழில் கேட்க விடுவார்களா, மாதிரி வழக்கு என்ன என்பதை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சமரசப் பயிற்சி நான் எடுக்கவில்லை. 2005-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்ற சமரச மையத்தில் கட்சிக்காரரோடு உட்கார்ந்த பழக்கம் மட்டும் உண்டு. உங்கள் வழக்குக் கட்டுகளில் பரஸ்பர சம்மத மனுக்களே அதிகம் என்றால் அதுவே முதலாவதாக இருக்கலாம்.

முகாமுக்குப் போய்வந்து சும்மா இருந்தால் துருப்பிடிக்கும். பழைய டெபோசிஷன் (சாட்சியப் பதிவு) நகல் ஒன்றை எடுத்துப் பெயர்களை அடித்துவிட்டு, ஒரு ஜூனியரைச் சாட்சியாக உட்கார வையுங்கள். ஜூனியர் பதிலைச் சுலபமாகத் தரக் கூடாது, அவ்வளவுதான்.