வீட்டு மின்வாகன சார்ஜர்: விலையில் தள்ளுபடியா, வரியில் கழிவா?

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மின்கார் வாங்கும் குடும்பம் ஒன்றில், அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே சார்ஜருக்கு வரிச்சலுகை உண்டு என்று சொன்னால், இங்கே ஒன்றும் இல்லையே என்ற ஏக்கம் எழுவது இயல்பு.

இங்கும் உண்டு, வேறு வடிவில். 2019 ஆகஸ்டில் சார்ஜருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால், 20,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள கருவிக்கு 2,600 ரூபாய் பில்லிலேயே மிச்சமாகிறது. விண்ணப்பமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் வயரிங், எர்த்திங் செலவுக்கு இச்சலுகை இல்லை. பழைய வேலூர் வீடுகளில் அதுதான் பெருஞ்செலவு. சார்ஜர் செலவுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவை நம்புவோரும் உண்டு. அதுவோ வாகனக் கடன் வட்டிக்கானது, அதுவும் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கே.

அமெரிக்க வரிச் சட்டத்தின் 30சி பிரிவு தரும் சார்ஜர் கழிவு, கருவியுடன் பொருத்தும் செலவையும் சேர்த்து 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர் வரை, செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழித்துத் தருகிறது. தொகை பெரிது; நிபந்தனைகளும் அதிகம். வீடு குறைந்த வருமானப் பகுதியிலோ நகர்ப்புறமல்லாத பகுதியிலோ இருக்க வேண்டும். 450 டாலர் கழிவுக்கு உரியவரின் வரி 300 டாலர்தான் என்றால், மீதி 150 கைக்கு வராது, அடுத்த ஆண்டுக்கும் செல்லாது. 2025 சட்டத்தின்படி, 2026 ஜூன் 30க்குப் பின் பயன்பாட்டுக்கு வரும் சார்ஜருக்கு அது கிடையாது.

வரி குறைவாகக் கட்டும் ஓய்வூதியர் வீட்டுக்கு, சிறிதென்றாலும் நம் முறையே மேல் என்பேன்.