பேணி மட்டும்தான் புதுசு: காற்றுத் துவக்கு ரவை வாங்குவோர் கவனத்துக்கு

ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தோட்டம். குரங்குத் தொல்லை தெரிந்ததுதானே. அதற்காக முறைப்படி எடுத்த காற்றுத் துவக்கு ஒன்று வைத்திருக்கிறேன். குரங்கைச் சுடுவதில்லை. குளக்கட்டுப் பக்கமாக வேலிக்கட்டையில் ஒரு தகரம் தொங்குகிறது. ரவை பட்டு அது 'டங்' என்றாலே கூட்டம் ஓடிவிடும்.

போன மாதம் வவுனியா ரவுனில் ஒரு கடையில் மூன்று பேணி ரவை வாங்கினேன். பெயர்போன கொம்பனியின் லேபல். அன்றிலிருந்து பத்துக்கு நாலுதான் தகரத்தில் படுகிறது. கடையில் போய்ச் சொன்னால், "அண்ணை, உங்கட துவக்கில ஸ்பிரிங் போயிட்டுது" என்று ஒரு ஸ்பிரிங்கையும் தலையில் கட்டினார்கள். மாற்றியும் அதே கதை.

கனடாவில் இருக்கும் மருமகன் புள்ளி இருபத்திரண்டு (0.22 அங்குலக் குழல்) ரைபிள் பழகுகிறவன். அந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கோதின் விளிம்புக்குள் இருப்பதால், மற்றத் தோட்டாக்களைப்போல வீட்டில் திரும்ப நிரப்புவது வழக்கமில்லையாம். கொம்பனி செய்ததைத்தான் நம்ப வேண்டும். அதனால் தொகுதி எண் (ஒரே தடவையில் செய்தவற்றுக்குப் போடும் எண்) பார்த்து வாங்கி, கடதாசியில் சுட்டுப் பார்ப்பார்களாம். "மாமா, துவக்கைப் பேசாதேங்கோ, ரவையைச் சோதியுங்கோ" என்றான்.

சரி, காற்றில்லாத ஒரு விடியற்காலை, பத்து மீற்றரில் கடதாசி கட்டினேன். மண்மூட்டையில் கையை வைத்து, உள்ளங்கையில் துவக்கை இளக்கமாகத் தாங்க வேண்டும். ஸ்பிரிங் துவக்கை மூட்டையில் நேரே அழுத்தினால் துள்ளும். பழைய பேணியில் மிஞ்சியதில் ஐந்து, புதியதில் ஐந்து என மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கடதாசி. ரவை மாற்றும்போதெல்லாம் முதல் சில வெடிகளைச் சேர்க்கவில்லை. குழல் புது ரவைக்குப் பழக வேண்டுமாம். ஆகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பை அளந்து, ரவையின் பருமனான 4.5 மில்லிமீற்றரைக் கழித்தேன். பழையதில் ஒன்றுகூட 15 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. புதியதில் ஒரு கடதாசி 22, அடுத்தது 61. மோசமான ரவை என்றாலும் ஒரே அளவுக்கு மோசமாக இருக்க வேண்டாமா?

அடுத்து நகை செய்யும் பத்தரிடம் தராசு கேட்டுப் போனேன். "ஈயத்தில தாலியோ?" என்று சிரித்தார். பேணியில் 0.53 கிராம் என்று போட்டிருக்கிறது. பழையவை 0.52க்கும் 0.54க்கும் இடையில் நின்றன. புதியவை 0.45இல் தொடங்கி 0.58 வரை போயின. அவருடைய கண்ணாடியால் பார்த்தால், சிலவற்றின் உட்குழிவில் ஓர் எழுத்து இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இரண்டு மூன்று வகையைக் கலந்து, நல்ல பேணியில் போட்டு மூடியிருக்கிறார்கள்.

கடதாசிகளைக் காட்டியபோது கடைக்காரர் பார்க்கவே இல்லை. "திறந்த பேணி எடுக்கிறேல்ல" என்றார்.

திறக்காத இரண்டு பேணி வீட்டில் கிடக்கிறது. அடியில் தொகுதி எண் இருக்கவேண்டிய இடம் உரஞ்சிக் கிடப்பதை நேற்றுத்தான் கண்டேன். வாங்கும்போது பேணியைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஸ்பிரிங் காசாவது மிஞ்சியிருக்கும்.