கொரங்காட்டில் முறை வைத்து மேய்த்தது: மழையும் வறட்சியும் பார்த்த பிறகு

எங்கள் கொரங்காடு வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிறது. செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்த மேட்டு நிலம். பாசனம் கிடையாது, மழை பெய்தால்தான் புல். காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் வைத்திருக்கிறோம். மாடுகளைக் காடு முழுக்க அவிழ்த்துவிடாமல், துண்டு துண்டாகப் பிரித்து முறை வைத்து மேய்க்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல மழை வருஷத்தில் எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும். காய்ந்த வருஷங்களையும் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

கொரங்காடு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கயம், தாராபுரம், கரூர் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம் இது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் புல்லைத் தூக்கிவிடுகிறது. அந்தச் சில மாத வளர்ச்சியை வைத்துக்கொண்டு மீதி வருஷத்தைத் தள்ளியாக வேண்டும். அதனால்தான் முன்னோர்கள் காட்டைப் பல வேலிகளாக அடைத்துப் படல் (முள்ளால் கட்டிய கதவு) வைத்து, ஒன்று மேய்ந்து முடிந்ததும் இட்டேரி (இரு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) வழியாக அடுத்ததற்கு ஓட்டினார்கள். பாகப்பிரிவினையிலும், வேலி அடைக்க ஆள் கிடைக்காமலும் அந்த ஒழுங்கு பல இடங்களில் குலைந்துபோனது. வேலி போன காட்டில் மாடு வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது.

அப்படி நிற்பதில் என்ன கெடுதல் என்றால், மாடு எல்லாப் புல்லையும் சமமாக மேய்வதில்லை. நேற்று கடித்த தூரில் (புல்லின் அடிக்கொத்தில்) இன்று இளந்தளிர் வந்தால் அதையே திரும்பக் கடிக்கும். புல் தன் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் அந்தத் தளிரை விடுகிறது. இலை விரிந்து இழந்த சத்தை ஈடுகட்டுவதற்குள் மறுபடியும் கடிபட்டால் வேர் சுருங்குகிறது. இரண்டு மூன்று பருவம் இப்படிப் போனால் நல்ல தூர் செத்து, அந்த இடத்தில் மாடு தொடாத களைகள் வந்து உட்காரும். பார்த்தீனியமும் சீமைக் கருவேலும் இப்படிக் காலியான தரையில்தான் முதலில் கால் வைக்கின்றன. பக்கத்திலேயே மாடு தொடாத தூர்கள் முற்றிச் சக்கையாகி நிற்கும். இத்தனைக்கும் மாட்டின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கலாம். நிற்கிற நாள் அதிகம், அவ்வளவுதான்.

எங்கள் முறை எளிமையானது. பழைய கிளுவை வேலிகளில் விழுந்த இடைவெளிகளை அடைத்தோம். பெரிய காடுகளை மட்டும் தற்காலிக மின்வேலி நாடாவால் இன்னும் சிறிதாகப் பிரித்தோம். ஒரு துண்டில் நான்கைந்து நாளுக்கு மேல் மாடு நிற்காது. புல் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியதும் கிளப்பிவிடுவோம். இன்னும் மேயலாமே என்று தோன்றும், ஆனால் அந்தச் சாண் புல்தான் அடுத்த வளர்ச்சிக்கு மூலதனம். மழைக்காலத்தில் ஒரு துண்டுக்கு ஒரு மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓய்வு கொடுத்தால் போதுமானதாக இருக்கிறது. மாசி பிறந்து வளர்ச்சி நின்றால் மூன்று மாதம்கூட ஆகும். புல் வேகமாக வளரும்போது மாட்டையும் வேகமாக நகர்த்த வேண்டும், புல் மெதுவானால் மாடும் மெதுவாக நகர வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து மாற்றினால் இது நடக்காது. தினமும் காலையில் புல்லைப் பார்க்கிற ஆள் வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் வலியுறுத்திச் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு துண்டை விதை முற்றி உதிரும்வரை தொடாமல் விடுகிறோம், அடுத்த வருஷம் வேறு துண்டு. கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது, சில மாத உறக்கம் வேண்டும். தானாக உதிர்ந்து அடுத்த மழைக்கு முளைப்பது கையால் தூவுவதைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஓய்வு கிடைத்த துண்டுகளில் நரிப்பயறு என்ற பயறுவகைக் கொடியும் தானாகவே திரும்பி வந்தது.

மின்வேலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். சோலாரில் ஓடும் பெட்டி, விட்டுவிட்டு நொடிக்கும் குறைவான அதிர்ச்சியைத்தான் கொடுக்கிறது. மாடு ஓரிரு முறை மூக்கை வைத்துப் பார்த்தபின் அந்தப் பக்கம் போகாது. செம்மறிக்குக் கீழே கூடுதலாக ஒரு கம்பி வேண்டும், வெள்ளாட்டை இதில் நிறுத்தலாம் என்று நம்ப வேண்டாம். எங்கள் மண்ணில் பெரிய தொல்லை எர்த்துதான். கோடையில் தரை காய்ந்துவிட்டால் அதிர்ச்சி செத்துப்போகும். எர்த்துக் கம்பியை ஆழமாக அடித்து, அந்த இடத்தில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வீட்டுக் கரண்டை நேரடியாகக் கம்பியில் கொடுக்கிற வேலையை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அது ஆளைக் கொன்றுவிடும், சட்டப்படி குற்றமும்கூட.

தண்ணீர்த் தொட்டி இல்லாத துண்டு பாதிதான் மேயப்படும். இதற்குத்தான் நான் எதிர்பார்த்ததைவிடச் செலவானது. டியூப் இழுத்து, இரண்டு துண்டுக்குப் பொதுவாக வேலியடியில் ஒரு தொட்டி வைத்ததும் மேய்ச்சல் பரவலானது, சாணமும் காடெங்கும் விழுந்தது. குடற்புழுத் தொல்லையும் குறைந்தது. சாணத்தில் விழுகிற முட்டை பொரித்து, தொற்றும் நிலைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். அதற்குள் மந்தை நகர்ந்துவிடுகிறது, வெயிலில் புழு காய்கிறது. புழுமருந்தை இப்போது தேவை பார்த்துத்தான் கொடுக்கிறோம். சில மருந்துகள் சாணத்தோடு வெளியேறிச் சாணவண்டுகளையும் கொன்றுவிடுகின்றன. அந்த வண்டு இல்லாமல் எங்கள் மண்ணுக்குள் சாணத்தைக் கொண்டுபோக வேறு யார் இருக்கிறார்கள்?

காசு விஷயத்துக்கு வருகிறேன். காங்கயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம், அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. பால் வருமானத்தை மட்டும் வைத்து இந்த மாட்டைக் கணக்குப் பார்க்க முடியாது. காளைக்கன்று, கிடாரி, பழக்கிய எருது, கூடவே செம்மறி, இவைதான் வரவு. கால்நடை வளர்ப்பில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது என்பார்கள். ஆகவே லாபம் என்பது வாங்காமல் விட்ட சோளத்தட்டிலும் தவிட்டிலும்தான் இருக்கிறது. எங்களுக்குத் தட்டு வாங்கத் தொடங்கும் காலம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. பசுக்கள் உடம்பு வற்றாமல் இருப்பதால் சினைப் பிடிப்பதும் சீராகியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆடு மாடு இரண்டுக்கும் நல்ல சத்து. மரத்தை விறகுக்கு விற்றுவிட்டவர்கள் இந்த மாதங்களில்தான் அதன் அருமையை உணர்கிறார்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். குத்தகைக் காட்டில், அடுத்த வருஷம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதபோது வேலிக்கும் தொட்டிக்கும் பணம் போடுவது கஷ்டம். முதல் இரண்டு வருஷம் பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே தூர் செத்துப்போன நிலத்தில் ஓய்வு மட்டும் கொடுத்தால் களைதான் ஓய்வெடுக்கும். அங்கே மழைக்கு முன் மண்ணைக் கீறி விதை போட்டாக வேண்டும். கொழுக்கட்டையோடு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் கலந்து விதைத்தது எங்களுக்கு நன்றாக வந்தது.

மழை பொய்த்த வருஷத்தில் எந்த முறையும் புல்லை உண்டாக்காது. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு எடையில் இரண்டரை சதவீதம் தீவனம் (ஈரம் கழித்த எடைக் கணக்கில்) என்றால் நாளுக்கு ஏழரை கிலோ. மார்கழிக் கடைசியில் ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு நிற்கிறது என்று நடந்து பார்த்து, கோடையை எத்தனை உருப்படி தாண்டும் என்று அப்போதே முடிவு செய்கிறோம். மீதியை உடம்பு இருக்கும்போதே தையில் விற்றுவிடுகிறோம். சித்திரையில் கண்ணபுரம் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைவரை காத்திருப்பது நல்ல புல் இருக்கிற வருஷத்தில் மட்டும்தான். சினைக் கிடாரிகளை எந்த வருஷமும் கொடுப்பதில்லை. செம்மறிக் கிடாய்கள் முதலில் போகும், அப்புறம் வயதான பசுக்கள்.