மடக்கும் பாட்டி சீட்: வெளியூர்ப் பயணத்துக்கு எவ்வளவு உதவும்?

டயப்பரை விட்டுப் பழகும் இரண்டரை வயதுக் குழந்தையோடு ஊருக்குக் கிளம்புவோர், மடக்கி எடுத்துச் செல்லும் பாட்டி சீட்டை (potty seat, குழந்தை உட்கார்ந்து மலசலம் கழிக்கும் சிறு இருக்கை) தாராளமாக வாங்கலாம். விளம்பரப் படங்களில் காட்டுவதுபோல் நினைத்த இடத்தில் விரித்து வைக்க மட்டும் வாங்க வேண்டாம்.

நாங்கள் மகளுக்கு வாங்கியதன் கால்களைப் பக்கவாட்டில் விரித்தால், பெரியவர்களின் வெஸ்டர்ன் டாய்லெட் மீது அது படிந்து உட்காரும். அடியில் ஒட்டியுள்ள ரப்பர் துண்டுகள் வழுக்காமல் பிடித்துக்கொள்வதால், ஓடும் ரயிலில்கூட, நாம் ஒரு கையால் தோளைத் தாங்கிக்கொண்டால், உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயமின்றிக் குழந்தை அமர்கிறது. இந்த ஒரு வசதிக்கே கொடுத்த பணம் தகும்.

கால்களைக் கீழே இறக்கிப் பூட்டி, பை மாட்டித் தனியாகவும் நிறுத்தலாம். பையின் அடியிலுள்ள உறிஞ்சு பட்டையில் டயப்பரில் இருக்கும் அதே சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் பொருள் இருப்பதால் சிறுநீர் கூழாக உறைந்துவிடுகிறது, தூக்கினால் சிந்துவதில்லை. மலத்தின் நாற்றத்தை அது தடுக்காது. முன்தடுப்பும் உயரம் குறைவு; என் தங்கை மகன் உட்கார்ந்தபோது சிறுநீரில் பாதி தரைக்குத்தான் போனது.

இதை எங்கே விரிப்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடத்தின் ஓரத்தில் விரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மணமகள் அறையின் குளியலறையைக் கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. பேருந்து நிலையங்களில் 2015 முதல் திறக்கப்பட்ட தாய்மார்கள் பாலூட்டும் அறை, கதவு இருக்கிறது என்பதற்காக இதற்கு உரிய இடமாகிவிடாது. அங்கே இன்னொரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும். கட்டணக் கழிப்பறைக்குள் ஈரத்தரையில் வைக்கத் தயங்குவோருக்கு, அடியில் ஒரு செய்தித்தாள் போதும். வேறு வழியே இல்லாத நெடுஞ்சாலையில் காரின் இரு கதவுகளுக்கு நடுவே வைத்து, துண்டால் மறைத்துவிடுங்கள். மறைவு வேண்டும் என்ற உணர்வு இந்த வயதிலேயே வர வேண்டியதுதானே.

"குழந்தைதானே, சாக்கடை ஓரம் உட்கார வை" என்று சொல்லும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது, குழந்தையின் மலத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கும் என்பதே. பையை இறுக முடிந்து, காகிதத்தில் சுற்றி, டயப்பரைப் போடும் குப்பைத் தொட்டியில் போடலாம். டீக்கடைத் தொட்டியில் திணிப்பது நியாயமில்லை. ரயிலின் பயோ டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கைக்குச் சானிடைசர் போதாது, சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் கட்டாயம்.

மாற்றுப் பைகளின் விலைதான் கசக்கிறது. வீட்டிலிருக்கும் கவருக்குள் ஒரு டயப்பரை விரித்து மாட்டினாலும் அதே வேலை நடக்கிறது. கடையில் வாங்குவோர் கால்களைப் பூட்டி, மேலிருந்து கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். சில மாதிரிகளில் பூட்டு தானாக விடுபடுகிறது.